மூன்று நூல் போல்ட்

எங்கள் தெருத் தளவாய் அண்ணாச்சி, கல்யாணமான புதிதில் மாடத்தி மதினியைக் குற்றாலம் கூட்டிப்போன பழைய மோட்டார் சைக்கிளைத் தானே பிரித்துச் சரிசெய்தார். சாரல் முடிவதற்குள் அதே வண்டியில் மறுபடியும் போக ஆசை. எஞ்சினை மாட்ட மூன்று நூல், அதாவது எட்டில் மூன்று இஞ்சு, கனத்தில் பழைய இஞ்சுக் கணக்குப் போல்ட் ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. தென்காசிக் கடைகளில் எல்லாம் எம்எம்தான்.

"பத்து எம்எம்மை முறுக்கிப் பாப்போமே அண்ணாச்சி" என்றேன்.

"மரை அத்துப்போவும்லே!"

கடைசியில் பாவூர்சத்திரம் பழைய இரும்புக் கடையில், ஓடாத பம்புசெட் எஞ்சின் ஒன்றில் கடவுள் புண்ணியத்தில் அது கிடைத்தது. மதினி போல்ட்டுக்கும் திருநீறு பூசிக் கொடுத்தார். வண்டி கிளம்பிவிட்டது.

"அன்னைக்கு மாதிரி இடுப்பை இறுக்கிப் பிடிச்சுக்கோட்டி."

"அன்னைக்கு உமக்கு இடுப்பு இருந்துச்சு!"

சாரலில் நனைந்துகொண்டே இருவரும் குற்றாலம் ரோட்டில் போனார்கள். சாமி வாகனத்தில் போவதைப் பார்ப்பதுபோல் கைகூப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.