பாலெடுக்கும் மணி

என் தம்பிக்குப் புத்தி பேதலித்த பிறகும் பாலுக்காக ரப்பர் மரப்பட்டையைச் சீவுகிற, அதாவது பால்மரம் வெட்டுகிற கை மட்டும் பிசகவில்லை. பட்டையில் கத்தியை வைத்துவிட்டால் காதுக்குள் கேட்கிற குரல்கள் அடங்கிவிடும் என்று அவனே சொல்வான். எண்பதுகளில், மலேசியாவில் அசாம் ஜாவா ஊருக்கு உள்ளே இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

அந்த வாரம் அவன் தூங்கவே இல்லை. ஒரு நாள் காலையில் சட்டிபானைகளை வாசலில் தூக்கி எறிந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் துணை வேண்டுமென்று தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி போலீசுக்குப் போன் செய்தார். உதவிக்குத்தான் கூப்பிட்டோம், புகார் கொடுக்க அல்ல.

ஜீப் வரும்வரை அவனை அமர்த்த அம்மா ஒரு வழி செய்தாள். கத்தியையும் வாளியையும் கொடுத்து, நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் நிரையாக இருந்த மரங்களுக்கு அனுப்பினாள். பாதி நிரை வெட்டுவதற்குள் அவன் முகம் தெளிந்துவிட்டது. "பைத்தியத்துக்கிட்ட யாராச்சும் கத்தியக் குடுப்பாங்களா?" என்று பிறகு அம்மாவைக் குடைந்தவர்கள்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. வேறு என்ன மருந்து இருந்தது எங்கள் வீட்டில்?

இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். நிரையின் முதல் மரத்தருகில் நின்று, கத்தியைக் கீழே போடச் சொல்லி மலாயில் கத்தினார்கள். தம்பி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலையில் இருந்தானே! மூத்தவரின் கை துப்பாக்கி உறைக்குப் போனது.

"தெம்பாக் வேணாம் துவான், சுட்டுறாதீங்க, என் புள்ள ஒண்ணும் செய்யமாட்டான்லா!" என்று அம்மா கதறினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "போயி மணிய அடி. கத்தியக் கீழ வச்சிருவான்" என்றாள்.

பாலெடுக்கும் மணி அடித்தால் எந்தத் தொழிலாளியும் வெட்டுவதை நிறுத்திவிடுவான். பக்கத்துக் கொட்டகையில் மணியாகத் தொங்கிய இரும்பைப் பலங்கொண்ட மட்டும் அடித்தேன். தம்பி நிமிர்ந்தான். கத்தியைக் கால்சட்டையில் துடைத்து மரத்தடியில் வைத்தான். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

ஆனால் மணி அடித்தால் வாளியோடு போய், முதல் மரத்துக் கோப்பையிலிருந்துதான் பாலெடுக்க வேண்டும். அது அவனுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும், போலீசுக்குத் தெரியாது. வாளியைத் தூக்கிக்கொண்டு நேராக அவர்களை நோக்கி நடந்தான். இளைய போலீஸ்காரர் தடியால் வலது கையில் அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் கொட்டகை வரைக்கும் கேட்டது. விழுந்த பிறகும் அடித்தார். அம்மா அவன்மேல் விழுந்து மறைத்ததும்தான் தடி நின்றது.

அந்த இளைஞருக்கு என் தம்பி வயதுதான் இருக்கும். மரத்தடியில் கிடந்த கத்தியைப் பார்த்தவர் அப்படியே குந்திவிட்டார். அதைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது. அப்படி இருந்ததே என்று கோபமாகவும் இருந்தது.

பல மாதம் கழித்துத் தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தான். வலது கை விரல்கள் மடங்கவில்லை, அதனால் மரம் வெட்ட முடியவில்லை. குரல்களை அடக்க அவனுக்கு இருந்த ஒரே வழியும் போயிற்று. தினமும் மணிச்சத்தம் கேட்டதும் வாசலுக்கு வந்து, இரண்டு கைகளையும் விரித்து நீட்டியபடி நிற்பான்.

"கத்திய வச்சிட்டேன்" என்பான், ஆளில்லாத பாதையைப் பார்த்து.

அம்மா போய் அந்தக் கைகளை மெல்லக் கீழே இறக்கிவிடுவாள்.

"பாத்துட்டாங்கய்யா. உள்ள வா."