எல்லாக் கதவையும் தட்டியவர்

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் தங்கியிருந்த லொட்ஜுக்கு வெள்ளிதோறும், கர்ப்பிணிகளைப் பார்க்கும் அரசாங்க மிட்வைஃப் ஒருவர் வருவார். வெள்ளைச் சீருடை, கறுப்புக் குடை, சிரிப்பே வராத முகம். யுத்தத்துக்குத் தப்பி வடக்கிலிருந்து வந்த கர்ப்பிணிகள் சிலர் அங்கே இருந்தார்கள். ஆனால் அவர் ஓர் அறையையும் விடமாட்டார். ஐம்பது தாண்டியும் கல்யாணம் கட்டாத என் அறைக்கும் வந்து, கதவைச் சாத்தி, பிரஷர் பார்த்து, பால் விடாத பிளேன்ரீ குடித்துவிட்டுத்தான் போவார்.

அந்தக் கர்ப்பிணிகளில் ஒருத்திக்கு எச்.ஐ.வி. என்று எப்படியோ கதை பரவியிருந்தது. ஆள் யாரென்று தெரிந்தால் அன்றைக்கே வெளியே போடுவேன் என்று முதலாளி கத்திக்கொண்டு திரிந்தார். அறை போனால் அந்த விலாசத்தில் செய்த பொலிஸ் பதிவும் போய்விடும். பதிவில்லாத வடக்குப் பெண்ணைச் சோதனைச்சாவடியிலேயே பிடித்துவிடுவார்கள்.

ஒருநாள் எரிச்சலில் கேட்டேவிட்டேன்.

"மிஸ், எனக்கென்ன பிள்ளைப்பேறா? என்னத்துக்கு இங்க வந்து மினக்கெடுறீங்கள்?"

அவர் கோப்பையை வைத்தார். "ஒரு அறைக்கு மட்டும் போனா, அந்தப் பிள்ளையைக் கதைப்பினம். அவள் பயந்து ஓடினா மருந்து நிண்டிடும், வயித்தில இருக்கிறதுக்கும் அந்த நோய் வந்திடும். எல்லா அறைக்கும் போனா, விசர் பிடிச்ச மிட்வைஃப் எண்டு என்னைத்தான் கதைப்பினம். கதைக்கட்டும்."

அந்த வருஷம் லொட்ஜுப் பெண்களுக்கு நாலைந்து குழந்தைகள் பிறந்தன. ஒவ்வொன்றையும் அவர் ஒரே மாதிரித் தூக்கி, ஒரே மாதிரிக் கொஞ்சினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எந்தக் குழந்தைக்காக என் கதவைத் தட்டினார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.