அண்ணாவின் அமெரிக்க நோட்டு

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துப் பிழையும் மறதியும் இருக்கும், பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் வாய் திறக்க எனக்குக் கூச்சம். அதனால்தான் அண்ணாவின் நினைவு மலருக்கு எழுதுகிறேன்.

எங்கள் அண்ணா சாவகச்சேரியில் பிறந்தார். எங்களைப் பெற்ற ஐயா நேரத்தோடு கண்மூடிவிட்டதால், தங்கைமார் எங்களைக் கரைசேர்த்த பிறகே தான் கல்யாணம் செய்தார். ஓய்வு பெறும்வரை யாழ்ப்பாணத்தில் வங்கிக் காசாளர். சண்டையில் வீட்டை இழந்து ரொறன்ரோ வந்த பிறகும் காசுத்தாளைக் கண்டால் விடமாட்டார். பழைய நாணயம் விற்கிற ஒருவரிடம் பல மாதம் பார்த்துப் பார்த்து, ஓர் அமெரிக்க ஐந்து டொலர் நோட்டு வாங்கினார். இப்போதைய நோட்டைவிடப் பெரியது. முன்னாளில் அங்கே ஊர் வங்கிகளும் தங்கள் பெயர் போட்டு நோட்டு வெளியிட்டனவாம்.

"அஞ்சு எண்டதைப் பாராதை, தங்கச்சி. எந்த ஊர் வங்கி எண்டு பார். சின்ன ஊர், மிஞ்சின நோட்டுக் குறைவு. அதுதான் விலை. இஞ்சை பார், அந்த வங்கிக் காசாளற்றை கையெழுத்து. என்ரையைவிட மோசம்!"

"கசங்கிக் கிடக்கு, அயன் பண்ணித் தரட்டே அண்ணை?"

"என்னை வேணுமெண்டால் அயன் பண்ணு. அதிலை கை வைச்சால் விலை போச்சு."

இதை அண்ணா தன் மகளைக் கட்டிய மருமகனுக்கும் சொன்னார். கேட்டால்தானே! அண்ணா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, பிறப்புச் சான்றிதழுக்குச் செய்வதுபோல அந்த நோட்டையும் பிளாஸ்ரிக்கில் வைத்துச் சூடுகாட்டி, லமினேற் பண்ணிக் கொண்டுவந்து நீட்டினார். "மாமா, இனிப் பழுதாகாது!"

அண்ணா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா மினுங்குது, தம்பி" என்றார். மருமகனின் மனம் நோகக்கூடாதென்றுதான் அப்படிச் சொன்னார். அன்று அவர் சாப்பிடவில்லை.

அண்ணா கண்மூடியபின் மருமகன் நோட்டை ஒரு நாணயக் கடைக்கு விற்கக் கொண்டுபோனார். கூடப்போன அண்ணாவின் மகள் எனக்குச் சொன்னாள்: "நோட்டு ஒறிஜினல்தான், மாமி. நல்ல விலைக்குப் போயிருக்குமாம். பிளாஸ்ரிக்காலைதான் ஆரும் வேண்டமாட்டினமாம்."

அப்படியிருக்க, எட்டாம் நாள் படையல் வைக்கிற எட்டுச் செலவு வீட்டில் அத்தனை பேருக்கும் முன்னால் மருமகன் சொல்கிறார்: "மாமாவை ஆரோ கள்ள நோட்டைக் குடுத்து நல்லாப் பேய்க்காட்டிப்போட்டாங்கள்!" சனம் சிரிக்கிறது. செத்தவீட்டில் சிரிப்பு! வாழ்நாள் முழுக்க ஊரார் காசை எண்ணிக் கொடுத்தவர், ஒரு சதம் பிசகாதவர், நல்ல நோட்டும் கள்ள நோட்டும் தெரியாத பேயனா? பழுதாக்கியது யார்? பழி சுமப்பது யார்?

அண்ணாவைப் பார்த்த தாதிமாருக்கும், சாப்பாடு கொண்டுவந்த பக்கத்து அப்பாட்மென்ற் ஆட்களுக்கும், றிச்மண்ட் ஹில்லிலிருந்து வந்து கிரியை செய்த ஐயருக்கும் எங்கள் கும்பிடு. மருமகனுக்கும்தான். ஆஸ்பத்திரிக்கு நாள்தவறாமல் ஓடியவர் அவர், இல்லையென்று சொல்லமாட்டேன்.

நோட்டிலுள்ள ஊரின் இங்கிலீசுப் பெயர் எனக்கு வாசிக்கத் தெரியாததால் எழுதவில்லை. படித்த பிள்ளைகள் யாராவது பார்த்து அதைச் சேர்த்து, மற்றப் பிழைகளையும் திருத்திவிடுங்கள். அண்ணா ஏமாறவில்லை என்பதை மட்டும் அழிக்க வேண்டாம்.