எழுபது வளைவும் ஒரு முன் சீட்டும்

அப்பா காரின் பின் கதவைத் திறந்து ஏறி, வாடகைக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்துகொண்டார். முன் சீட் காலியாகக் கிடந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் கருங்குழியிலிருந்து கொல்லிமலைக்கு, அதுவும் என் சொந்தக் காரில், முதன்முதலாக மலையேறப் போகிறேன். அந்தக் குஷியில் வண்டியை எடுத்தேன்.

அவர் என்னோடு பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சவுக்குத் தோப்பில் கூலிக்கு மரம் வெட்டி என்னைப் படிக்க வைத்தவர். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் எனக்கு நிரந்தர வேலை கிடைத்தபோது, பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். அந்த வேலையை விட்டுவிட்டு மஞ்சள் போர்டு வைத்த கார் வாங்கினேன். "டிரைவரா போறதுக்கா இவன படிக்க வச்சேன்?" என்று அம்மாவிடம் கேட்டார். அதற்கப்புறம் எல்லாமே அம்மா வழியாகத்தான். ஒரே அறையில் இருந்துகொண்டு "அவன சாப்ட சொல்லு" என்பார். நானும் லேசுப்பட்டவன் இல்லை. "பசிக்கலன்னு சொல்லு" என்பேன்.

கார் நல்லபடியாக ஓடினால் மலைமேல் இருக்கிற சிவனுக்கு மாலை சாத்துவதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். கிளம்புகிற அன்று பார்த்து முட்டி வலி என்று படுத்துவிட்டாள். "வேண்டுதல தள்ளிப்போடக் கூடாது. நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க." அந்த முட்டி வலியை நான் இன்றுவரை நம்பவில்லை.

திண்டிவனம் தாண்டியதும் அப்பா பின்னாலிருந்து அம்மாவுக்குப் போன் போட்டார். "அவன மெதுவா போவச் சொல்லு." அடுத்த நிமிஷம் கார் ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் கேட்டது. "மெதுவா போவணுமாம்டா." "எண்பதுலதான் போறேன்னு சொல்லு" என்றேன். உளுந்தூர்பேட்டை வருவதற்குள் இப்படி நாலு தடவை. ஐந்தாவது தடவை அம்மா கத்தினாள்.

"ஒரே கார்லதான குந்திகினு கீறீங்க? ரெண்டு பேரு வாயிலயும் இன்னா கொழுக்கட்டயா?"

எங்கள் பக்கம் ஏரிக்கரைதான் உசரம். கொல்லிமலை அடிவாரத்தில் முதல் கொண்டை ஊசி வளைவின் பலகையைப் பார்த்ததும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மொத்தம் எழுபது. முதல் கியர், இரண்டாவது கியர், ஒடி, ஹாரன், மறுபடி ஒடி. பத்து வளைவு தாண்டியதும் பயம் போய் விசிலடிக்க ஆரம்பித்துவிட்டேன்.

இருபத்தேழு தாண்டியபோது பின்னாலிருந்து "ஹலோ... ஹலோ..." என்று கேட்டது. சிக்னல் போய்விட்டது. கண்ணாடியில் பார்த்தேன். அப்பாவின் முகம் வெளுத்து, நெற்றியில் வேர்வை. வாந்தி வருகிறது என்று தெரிந்துவிட்டது. "நிறுத்தட்டுமா" என்று கேட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்? கேட்கவில்லை. வீம்பு. அவர் செத்துப்போன போனைக் காதில் வைத்துக்கொண்டே இன்னும் இரண்டு வளைவு தாக்குப்பிடித்தார்.

"டேய், நிறுத்துடா!"

இரண்டு வருஷத்தில் நேராக என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. வண்டியை ஓரங்கட்டி ஓடிப்போய் அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன். வாய் கொப்பளித்து, முகம் கழுவி, கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "பின்னாடி குந்துனா கொடல பொரட்டுது" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு முன் சீட்டில் ஏறினார்.

அவ்வளவுதான், ஆள் மாறிவிட்டார். பலகையைப் பார்த்து "முப்பது!" என்று கத்தினார். "முப்பத்தொண்ணு!" என்று நான் கத்தினேன். மேலேயிருந்து ஒரு பஸ் இறங்கியது. "வர்றான், வர்றான்!" என்று சீட்டை விட்டு எழும்பினார். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. அவ்வளவு பெரிய பஸ் எங்கள் சின்னக் காருக்காக நின்றதும், கையை வெளியே நீட்டி பஸ்காரருக்கு ஒரு சலாம் வைத்தார். ஐம்பதுக்கு மேல் இரண்டு பேருக்கும் தொண்டை கட்டிவிட்டது. எழுபதாவது வளைவில் டாஷ்போர்டைப் படபடவென்று தட்டினார்.

பேசிவிட்டார், சரி. ஆனால் காரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாலை சாத்திவிட்டு வெளியே வரும்போதும் எனக்கு அதுதான் உறுத்திக்கொண்டிருந்தது.

நான் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸைத் தவறவிட்ட ஒருவர், மனைவியும் இரண்டு பிள்ளைகளுமாக வந்து, மஞ்சள் போர்டைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டார். "நீங்கதான் டிரைவருங்களா? அடிவாரம் வரைக்கும் ஏத்திக்குவீங்களா?"

"நான் இல்லீங்க. வண்டி எம் புள்ளைது. எழுவது வளைவும் அவன்தான் ஓட்டிக்கினு வந்தான். இருங்க, ஓனர கேக்கறேன்." அப்பா என் பக்கம் திரும்பினார். "இன்னாடா, ஏத்திக்கலாமா?"

"ஏத்திக்கலாம்ப்பா" என்றேன்.

அவர் என்னோடு பேசுவதில்லை என்றுதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு வருஷத்தில் நானும் அவரை ஒரு தடவைகூட அப்பா என்று கூப்பிட்டிருக்கவில்லை.