எட்டு நாள் துப்பிய மீன்கள்

மீன் தீவன ஆலையில் முப்பத்தொரு வருடம் மெஷின் ஓட்டியவர் அவர். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ‘மிதவை’ என்றால் தெரியும். அவர் மெஷினிலிருந்து விழும் தீவன உருண்டை தண்ணீரில் மூழ்கியதே இல்லை என்பது அவரே பரப்பிய சேதி. பாதி உண்மை. இப்போது ஓய்வு. மனைவி காலமாகி இரண்டு வருடமாகிறது. பேச ஆள் கிடைத்தால் போதும், எங்கே ஆரம்பித்தாலும் சோயா வந்த வருடத்தில்தான் வந்து நிற்பார்.

அதுவரை தீவனம் என்றால் மீன் தூள்தான். அது கிடைப்பது குதிரைக்கொம்பானதும், பாதிக்குப் பாதி சோயாப் புண்ணாக்கு போட முடியுமா என்று முதலாளி கேட்டார்.

“பத்து நாள் குடுங்க. மீனே வித்தியாசம் கண்டுபிடிக்காது” என்று இவர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். முடியாவிட்டால் மெஷினுக்கு வேறு ஆள், இவர் மூட்டை தைக்கப் போகவேண்டும் என்று முடிவானது.

உருண்டை அழகாக மிதந்தது. மீன்தான் மசியவில்லை. ஆலையின் பின்பக்கம் இருந்த சோதனைத் தொட்டியைப் பார்த்துக்கொண்டது இவர் மனைவி. நூறு உருண்டை போட்டு, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தை வலையில் அள்ளி எண்ணி, நோட்டில் எழுதுவது அந்த அம்மாவின் வேலை. முதல் நாள் எழுதியது: ‘வாயில் வாங்கித் துப்புது. மிச்சம் எழுபத்தெட்டு.’

“கொஞ்சம் குறைச்சு எழுதேன். யாரு பார்க்கப் போறா?”

“மீன் பார்க்குதே.”

“விளையாடாதே. என் மெஷின் போயிடும்.”

“போனா மூட்டை தைப்பீங்க. ஊசியை நானே கோத்துத் தர்றேன். பொய் எழுத மாட்டேன், போங்க.”

கட்டிய பெண்டாட்டியே காலை வாரிவிட்டாள் என்று மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சாப்பாட்டு வேளையில் தனியே உட்கார்ந்தார். வீட்டிலும் பேச்சில்லை. அந்த அம்மாவும் சளைக்காமல் நோட்டில் தினமும் அதே கதையை எழுதினார்.

எட்டாம் நாள் பொறுக்காமல் தொட்டிக்கே போய் நின்றார். மீன் வாங்கியது, மென்றது, துப்பியது. வேறு வழி தெரியாமல் தானும் ஒரு உருண்டையைக் கடித்தார். வேகாத பயறின் வாடை, நாக்கெல்லாம் கசப்பு. அவரும் துப்பினார்.

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “இதையும் எழுதிக்கவா?”

புண்ணாக்கு உள்ளே வேகவே இல்லை. மிதந்தால் போதுமென்று அவசரமாக ஓட்டியிருக்கிறார். மறுநாள் நீராவியைக் கூட்டி, மாவைக் குறைவாக இறக்கி, நிதானமாக ஓட்டினார். அன்று வலையில் வந்தது நாலே உருண்டை.

முதலாளி நம்பவில்லை. “எண்ணினது யாரு? உங்க வீட்டம்மாதானே?” என்று ஒரு மாதிரியாகச் சிரித்தார். அந்த அம்மா நோட்டை நீட்டினார். முதலாளி முதல் பக்கத்திலிருந்து படித்தார். எட்டு நாளும் கட்டிய கணவனின் தீவனத்தை மீன் துப்பியதாக அதே கையெழுத்து. நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

“நாளையிலேருந்து இதையே ஓட்டுங்க.”

இதைச் சொல்லும்போது மிதவைக்கு மெஷினைக் காப்பாற்றிய பெருமை துளியும் இருப்பதில்லை. “ஒரு வாரம் அவகிட்ட பேசாம இருந்துட்டேனே” என்பார். “கோவிச்சுக்கிட்டு, ஒரு முழு வாரம்.”