மணமகளின் தங்கை

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸை ஃப்ரேமுக்கு ஏற்ப அரைத்துப் பொருத்துவது அவள் வேலை. நண்பர்கள் அவளுக்கு வைத்த பெயர் பவர். வயது இருபத்தைந்து. ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்து மாடியில் அவளையும் சேர்த்து ஐந்து பேர் கூடுவார்கள். வம்சாவளி தேடுவது அவர்களுடைய பொழுதுபோக்கு.

தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு தளபதியாவது வேண்டியிருந்தது. முன்னோர் எல்லாரும் குதிரைமேல் போனார்கள் என்றால் குதிரைக்குப் புல் அறுத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆறு தலைமுறைக்கு ஆண்களின் பெயர் வரிசையாக வந்தது. அவர்களைப் பெற்றவர்களின் பெயர் ஒரு வீட்டிலும் யாருக்கும் தெரியவில்லை.

"எங்க வீட்டு சார்ட்ல பொம்பளைங்க பேருதான் முதல்ல. ஆம்பளைங்க ஓரமா நிக்கட்டும்" என்றாள் பவர்.

"நிக்கத்தான் விடுவியா, உக்காரக் கூடாதா?" என்றான் நெட்டையன். சிறைப் பதிவேட்டில் கொள்ளுத்தாத்தாவைக் கண்டுபிடித்தவன் அவன். ஆடு திருட்டு, ஆறு மாதம். அந்த மேசையில் அளக்காமல் பேசிய ஒரே ஆள்.

சார்ட்டில் பவர் சித்தியை அம்மாவுக்குப் பக்கத்தில் எழுதியிருந்தாள், அம்மாவின் தங்கையாக. அம்மா வழியில் வேறு யாரும் உயிரோடு இல்லை. சித்திக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. பவர் பிறந்ததிலிருந்து சித்தியும் அவர்கள் வீட்டில்தான் இருந்தாள். பவருக்குத் தலை வாரிவிட்டதும், அரைக்கிற மெஷினில் விரல் கிழிந்தபோது தையல் போட்டு முடிக்கும்வரை வாய் ஓயாமல் கதை சொன்னதும் அவள்தான். அம்மாவிடம் சொல்ல முடியாததை எல்லாம் பவர் அவளிடம் கொட்டிவிடுவாள்.

"உனக்கும் அம்மாவுக்கும் எத்தனை வயசு வித்தியாசம்?" என்று பென்சிலோடு உட்கார்ந்து கேட்டபோது, "ரெண்டு" என்றாள் சித்தி. "உங்கம்மா கட்டிக் கிழிச்ச பாவாடைதான் எனக்கு வரும். ஒரு புதுசு கண்டதில்ல." பவர் சிரித்துக்கொண்டே அதையும் குறித்துக்கொண்டாள்.

அப்பா அம்மா கல்யாணத் தேதிக்கு அத்தாட்சி வேண்டியிருந்தது. அப்பா முன்பு வேலை பார்த்த ஊருக்கு ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போனாள். பதிவு அலுவலக எழுத்தர் பெரிய புத்தகத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"எதும்மா வேணும்? ரெண்டு இருக்கு."

"ரெண்டு எப்படி சார்?"

"அதை உங்க வீட்லதான் கேக்கணும்."

இரண்டுக்கும் நகல் வாங்கினாள். முதல் தாள் முப்பத்தொரு வருஷத்துக்கு முந்தையது. மணமகன் அப்பா. மணமகள் சித்தி. அடுத்தது அதற்கு நாலு வருஷம் கழித்து. மணமகன் அப்பா, மணமகள் அம்மா. 'ஏற்கெனவே திருமணமானவரா?' என்ற கேள்விக்கு எதிரே, அப்பாவின் உருண்டைக் கையெழுத்தில், 'இல்லை'. கீழே சாட்சிக் கையெழுத்து. சித்தியுடையது. சாட்சியின் உறவு: மணமகளின் தங்கை.

அம்மாவின் தங்கையும் சித்திதான், அப்பாவின் இன்னொரு மனைவியும் சித்திதான். மொழியில் இருந்த அந்தச் சந்துக்குள் ஒரு மனுஷியைத் தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தார்கள். முறைப்படி முதலில் வந்தவள் பெரியம்மா. அந்தப் 'பெரிய'வையும் பிடுங்கிக்கொண்டு, பிடுங்கியதற்கு அவளையே சாட்சிக் கையெழுத்தும் போட வைத்திருந்தார்கள்.

பவர் நேரே சலவைக்கூடத்துக்குப் போனாள். சித்தி விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். எதிர்முனையைப் பிடிக்கிறவள் டீ குடிக்கப் போயிருந்தாள். பவர் அந்த முனையைப் பிடித்தாள்.

"உன்னை நான் பெரியம்மான்னு கூப்பிடணுமா?"

சித்தியின் கை நின்றது. தாள்களைக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

"கூப்பிட்டுப் பாரேன், வாய்க்கு வருதான்னு."

"ஏன் கையெழுத்துப் போட்ட?"

"நாலு வருஷமாப் பிள்ளை இல்ல. ஆகாதவன்னு முடிவு கட்டிட்டாங்க. கையெழுத்துப் போட்டா வீட்ல இருக்கலாம், போடலேன்னா பொட்டியைத் தூக்கிட்டுக் கிளம்புன்னாரு உங்கப்பா. எங்க கிளம்புறது? நல்லா இழுத்துப் பிடி, சுருக்கம் விழுது."

"பாவாடைக் கதை?"

"அது எங்கக்கா பாவாடை. எனக்கும் நிஜமாவே ஒரு அக்கா இருந்தா."

இருவரும் ஏழெட்டு விரிப்பு மடித்தார்கள். கடைசியில் பவர் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை அப்பாகிட்ட கேக்கப்போறேன். எங்கிட்டச் சொன்னதை அவரு முன்னாடி நீ சொல்லணும். என்னைத் தனியா விட்டுராத."

"விடமாட்டேன்" என்றாள் சித்தி. அவள் கண்ணைத் துடைத்ததைப் பவர் பார்த்தாள்.

ஞாயிறு மத்தியானம் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பவர் இரண்டு தாளையும் அதன்மேல் வைத்தாள். அவர் நிதானமாகப் படித்தார்.

"இந்தக் குப்பையைக் கிளறத்தான் பஸ் ஏறிப் போனியா?"

அம்மா அடுக்களை வாசலிலிருந்து சொன்னாள்: "கல்யாணத்தப்ப தூரத்துச் சொந்தம்னாரு. நீ வயித்துல இருக்கும்போதே எனக்கு உண்மை தெரியும்டி."

"தெரிஞ்சும் சும்மா இருந்தியா?"

"இல்லாம? நான் எங்க போவேன்? அவதான் எங்க போவா?"

"குடும்பம் உடையாம இருந்துச்சா இல்லியா?" என்றார் அப்பா. "நானா அவளைக் கட்டாயப்படுத்தினேன்? அவளையே கேளு."

மூன்று பேரும் சித்தியைப் பார்த்தார்கள். அவள் சேலை நுனியை விரலில் சுற்றினாள்.

"கட்டாயம் ஒண்ணுமில்ல. நான்தான் அவரை இன்னொண்ணு கட்டிக்கச் சொன்னேன்."

"வெள்ளிக்கிழமை எங்கிட்ட என்ன சொன்ன?"

"என்ன சொன்னேன்? ஒண்ணும் சொல்லலியே." பிறகு அப்பா பக்கம் திரும்பி, "கூட்டாளிங்களோட சேர்ந்து ஏதோ விளையாட்டு. நீங்க பெரிசு பண்ணாதீங்க" என்றாள்.

"கேட்டியா?" என்று அப்பா பேப்பரை உதறிப் பிரித்தார்.

பயந்துவிட்டாள், பாவம் என்று மன்னிக்கிறவர்கள் மன்னிக்கலாம். அந்தப் பயத்தை முப்பது வருஷம் தீனி போட்டு வளர்த்தவர் நாற்காலியில் சாய்ந்து விளையாட்டுச் செய்தி படித்துக்கொண்டிருந்தார். பவரைத் தவிர அவரிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை. அவளால் அப்பாவை வெறுக்க முடிந்தது, அது எளிதாகவே இருந்தது. சித்தியை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

உள்ளே போய் சார்ட்டை விரித்தாள். அம்மாவுக்குப் பக்கத்திலிருந்த பெயரை அழித்து, அப்பாவுக்குப் பக்கத்தில் அம்மாவுக்கு முன்னால் எழுதி, இடையில் மையால் கோடு போட்டுத் தேதியும் குறித்தாள். எழுதி முடித்தபோது அதில் சந்தோஷம் எதுவும் இருக்கவில்லை. தன்னைக் கைவிட்டவளின் பெயரைத்தான் அவ்வளவு கவனமாக எழுதியிருந்தாள்.

சித்தி தட்டோடு வாசலில் வந்து நின்றாள்.

"வா, சாப்பிடு. ஆறிடும்."

பவர் திரும்பவில்லை. "எனக்குப் பசியில்ல. நீங்க சாப்பிடுங்க."

அம்மாவை நீ என்றுதான் கூப்பிடுவாள், சித்தியையும் நீ என்றுதான். பேச்சு வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

"யாரை நீங்கங்கிற?" என்றாள் சித்தி.

"உங்களைத்தான்."

சித்தி தட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கூடத்திலிருந்து அப்பா தண்ணீர் கேட்டார். "இதோ" என்று போய்விட்டாள்.