வானத்திலிருந்து விழுந்தவனுக்கு பெர்மிட் எங்கே?

வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒருவன் வானத்திலிருந்து விழுவான். விழுந்தவன் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து ஆங்கிலத்தில் பேசுவான். அவன் பேசுவது திரையின் அடியில் மலாயில் ஓடும். அந்த மலாயை லெட்சுமி ஆண்டி தமிழாக்கி உரக்கச் சொல்வார். எனக்கு ஆங்கிலம் புரியும் ஆண்டி என்று பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். இருக்கட்டும், கேட்டுக்கொள் என்பார். அவர் முடித்ததும் மணியம் அங்கிள் தீர்ப்பு சொல்வார். ஆக, ஒவ்வொரு வசனத்தையும் மூன்று மொழியில் வாங்கி, தீர்ப்பையும் சேர்த்து விழுங்கி, தே ஓ என்று இவர்கள் சொல்லும் பால் விடாத தேநீரையும் குடித்து முடிக்க வேண்டும். மலேசியாவின் ஜொகூர் பாருவுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. சாப்பாடு பழகிவிட்டது, மழை பழகிவிட்டது, இந்த வெள்ளிக்கிழமை மட்டும் இன்னும் பழகவில்லை.

நான் திருப்பூர்க்காரி. இங்கே ஓர் அலுவலகத்தில் மென்பொருளில் பிழை தேடுகிற வேலை. பிள்ளைகள் சிங்கப்பூரில் குடியேறிவிட, ஐந்தாவது மாடி அடுக்ககத்தில் தனியாக இருந்த மணியம் அங்கிளும் லெட்சுமி ஆண்டியும் ஓர் அறையை எனக்கு வாடகைக்கு விட்டார்கள். அங்கிள் மின்னணுச் சாமான் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றபின் மேற்பார்வை பார்க்க ஆள் இல்லாததால் தொலைக்காட்சியைப் பார்க்கிறார்.

தொடரின் கதை இதுதான். விழுந்தவனுடைய கிரகம் வெடித்துவிட்டது. பகலில் சலவைக் கடையில் வேலை செய்கிறான், மற்ற நேரத்தில் நகரத்தைக் காப்பாற்றுகிறான். வெள்ளைத்தலை அரசியல்வாதி ஒருவர் வேற்றுக் கிரகத்தாரை எல்லாம் விரட்டச் சட்டம் கொண்டுவருகிறார். வாராவாரம் ஏதாவது ஒரு பாலம் இடியும். நம்மவன் அதைத் தோளில் தாங்கியபடியே குடியேறிகளின் உரிமை பற்றி நீளமாகப் பேசுவான். பாலத்தில் தொங்குகிற பஸ்ஸில் இருப்பவர்களும் பொறுமையாகக் கேட்பார்கள். எடுத்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் எடுத்திருக்கிறார்கள். ஆனால் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி, விழுங்குவதற்குள் அடுத்த வாய் வந்துவிடுகிறது.

அங்கிள் அந்த அரசியல்வாதியின் கட்சி.

"ஆளு நல்லவன்தான். பாலத்த தூக்குறான், சரி. பெர்மிட் எங்க? கேக்கணும் லா."

"கெரகமே வெடிச்சிருச்சு, பெர்மிட்ட எங்கேர்ந்து கொண்டாருவான்?" என்பார் ஆண்டி.

எனக்கு உறுத்தியது வேறு. அவன் இங்கே இருக்கலாமா என்ற கேள்விக்குத் தொடர் தருகிற பதில் ஒன்றே ஒன்றுதான்: காப்பாற்றுகிறானே, இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டால் என்ன செய்வான்? கோடு கோடாகப் பிழை தேடுகிற என்னைப் போன்றவள் எந்தப் பாலத்துக்கு அடியில் போய் நிற்பது? இதை அங்கிளிடம் சொன்னேன். உனக்கென்ன, உன்னிடம்தான் வேலை பாஸ் இருக்கிறதே என்றார்.

பாஸ் இருந்தும் ஒரு சனிக்கிழமை காலையில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் மேடம் லிம் கதவைத் தட்டினார். வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விடக்கூடாது என்று சங்கம் போன கூட்டத்தில் தீர்மானம் போட்டிருக்கிறது, மாதக் கடைசிக்குள் மிஸ் காலி செய்ய வேண்டும், வெரி சாரி என்றார். அங்கிளுக்கு வந்ததே கோபம். இவள் எப்படி ஃபாரினர், இவள் நம் வீட்டுப் பெண் என்று குதித்தார். மேடம் லிம் நிதானமாக, அந்தத் தீர்மானத்துக்கு முதலில் தூக்கிய கையே மிஸ்டர் மணியத்தினுடையது என்று நினைவுபடுத்தினார். விதிவிலக்கு வேண்டுமானால் வீட்டுச் சொந்தக்காரரே அடுத்த கூட்டத்துக்கு வந்து கேட்கலாம், மற்றவர்கள் சம்மதித்தால் சரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

"கை தூக்குனப்ப யார நெனச்சித் தூக்குனீங்க?" ஆண்டி கேட்டார்.

"இவள நெனக்கல லா. அந்த மத்தவங்கள."

"எந்த மத்தவங்க?"

அங்கிள் எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

மற்றவர்கள் யார் என்று எங்களுக்குத் தெரியும். மூன்றாவது மாடியில் நேபாளக்காரர்கள் நான்கு பேர், தொழிற்சாலைக் காவலர்கள், ஊரில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ளவர்கள். மூத்தவர் பெயர் பிஷ்ணு. லிஃப்டில் என்னைப் பார்த்தால் ககாக் என்று மலாயில் அக்கா போட்டுச் சிரிப்பார். அவர்களுக்கும் அதே மாதக் கடைசிதான் கெடு.

அன்று அறைக்குள் போய் அழுதேன். வேறு வீடு கிடைக்கும், ஆனால் ஒரு வசனத்துக்கு மூன்று மொழி தரும் இந்த இரண்டு பேர் கிடைக்கமாட்டார்கள். அப்பாவுக்குப் போன் செய்தேன். திருப்பூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்பாவுக்கு நாலு லைன் வீடுகள் உண்டு. பனியன் கம்பெனி வேலைக்கு வரும் பீகார்க்காரர்கள் வாசலில் வந்து கேட்பார்கள். ஒன்று காலியாக, பூட்டிக் கிடந்தாலும் அப்பா இல்லை என்றுதான் சொல்வார். நான் சங்கத்தின் தீர்மானத்தை மட்டும் முதலில் சொன்னேன்.

"அவங்க சொல்றதும் நாயந்தானே கண்ணு. நம்ம லைன் வீட்டையே நான் வடக்கத்திக்காரனுக்கு விடறதில்லையல்லோ."

"அப்பா, இங்க நான்தான் வடக்கத்திக்காரி."

சாப்பிட்டாயா என்று கேட்டார் அப்பா.

சரி, தொடரிலிருந்தே பாடம் கற்றுக்கொள்வோம் என்று முடிவெடுத்தேன். கூட்டம் வருவதற்குள் இந்த அடுக்ககத்தைக் காப்பாற்றிவிட வேண்டும். நடைவழியில் எரியாத பல்பை மாற்றினேன்; மாடி முழுக்க மின்சாரம் போனது. மேடம் லிம்மின் அரிசி மூட்டையை வலியப் பிடுங்கித் தூக்கினேன். அது கிழிந்து படி படியாக இறங்கியது. பெருக்கி அள்ளிக் கொடுத்தபோது அவர் நன்றி சொன்ன விதத்தில் எனக்கு நம்பிக்கை குறைந்தது.

கூட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துமிடத்துக்குள் ஒரு பியாவாக் வந்தது. நம் ஊர் உடும்புக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். சாக்கடையிலிருந்து ஏறி, வாடகை வசூலிக்க வந்ததுபோல நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் அலறினார்கள், பெண்கள் கதவோரம் ஒதுங்கினார்கள். இதுதான் என் பாலம் என்று துடைப்பத்தோடு இறங்கினேன். அது நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தது. அடுத்து எனக்கு நினைவிருப்பது நான் ஒரு வெள்ளைக் காரின் கூரைமேல் நின்றது. கார் வீல் வீலென்று கத்தியது. காலடியில் கூரை தொட்டிபோல் குழிந்திருந்தது. கார் மேடம் லிம்முடையது. பிஷ்ணுவும் இன்னொருவரும் வந்து, துணிக் கூடையைப் பியாவாக்மேல் கவிழ்த்து, மெல்லத் தள்ளிக்கொண்டுபோய்ச் சாக்கடையில் விட்டுவிட்டு, கை கழுவி வேலைக்குப் போனார்கள். அவர்களை யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் கீழ்த்தளத்தில் நடந்தது. கடைசி நாற்காலியில் நானும் ஆண்டியும். அங்கிள் எழுந்து மலாயில் பேச, ஆண்டி வழக்கம்போல் என் காதில் தமிழில் ஓட்டினார். அங்கிள் ஒத்திகை பார்த்து வந்திருந்தார்: நல்ல பெண், படித்தவள், எல்லாருக்கும் உதவுகிறவள். உதவி என்ற இடத்தில் மேடம் லிம் திரும்பி வாசலில் நின்ற தன் காரைப் பார்த்தார். மொத்தக் கூட்டமும் சிரித்தது. அங்கிள் தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு அவர் சொன்னதை ஆண்டி சொன்னபடியே தருகிறேன்.

"சரி, இவளால ஒரு பிரயோஜனமும் இல்லங்கறாரு. பல்பு மாட்டத் தெரியாது, பியாவாக் வந்தா காருமேல ஏறுவா. இருந்தாலும் எங்க வீட்டுல இருக்கா, இருக்கட்டும்ங்கறாரு. எங்கப்பா லாயாங் லாயாங் ரப்பர் எஸ்டேட்டுல பால்மரம் வெட்டுனாரு. சாகுறப்பவும் சிவப்பு அடையாளக் கார்டுதான், பிரஜையாவே ஆகல. அவரு யாரையும் காப்பாத்துல. வேல செஞ்சாரு, சாப்புட்டாரு, தூங்குனாரு. அவரப் பாத்து, நீ எதுக்கு இங்க இருக்கேன்னு கேட்டப்பல்லாம்..."

ஆண்டி அங்கே நிறுத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்தார். என்னாலும் அதற்குமேல் கேட்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது கைகள் உயர்ந்திருந்தன. கடைசியாக உயர்ந்தது மேடம் லிம்முடையது. உபயோகமற்றவள் என்று சபையில் ஒருமனதாக ஏற்கப்பட்டு நான் வாழ்க்கையில் இத்தனை சந்தோஷப்பட்டதில்லை.

மூன்றாவது மாடிக்காரர்களும் இருக்கலாமல்லவா என்று எழுந்து கேட்டேன். வாடகைக்கு இருப்பவர்கள் கூட்டத்தில் பேச முடியாது என்றார் மேடம் லிம். அங்கிள் அதையே மறுபடி கேட்டார். அந்த வீட்டின் சொந்தக்காரர் தங்காக் என்ற ஊரில் துணிக்கடை வைத்திருக்கிறார், கூட்டத்துக்கு வரவில்லை, ஆகவே விதிவிலக்கு கேட்க ஆளில்லை என்று பதில் வந்தது. அடுத்து தண்ணீர்த் தொட்டி கழுவுவது பற்றிப் பேசினார்கள்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமையாக அமைந்தது. எட்டு மணிக்கு, தொடர் ஆரம்பிக்கும் நேரத்தில், மூன்றாவது மாடிக்காரர்களை ஏற்றிப்போகக் கீழே லாரி வந்து நின்றது. ஆண்டி ஒரு பெரிய பையில் சோறும் குழம்பும் கட்டிக் கொடுத்து, ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வா என்றார். நான் இறங்கியபோது மற்ற மூவரும் லாரியில் மெத்தைமேல் உட்கார்ந்திருந்தார்கள், பிஷ்ணு அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தார். பையை நீட்டவும் மறந்து நின்றேன். ஐந்தாவது மாடி நடைவழியிலிருந்து அங்கிள் எட்டிப் பார்த்துக் கத்தினார்.

"சீக்கிரம் வாம்மா! நம்ம பையனுக்கு பிரஜாவுரிமை குடுக்கறாங்க!"

பிஷ்ணு என்னையும் என் கையிலிருந்த பையையும் பார்த்தார். முகம் வாடியது. ககாக், உங்களையுமா என்று மலாயில் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ரைஸ் குக்கரைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, நகர்ந்து உட்கார்ந்து, மெத்தையில் எனக்கு ஓர் இடம் ஒதுக்கினார்.